முப்பத்திரண்டு வயதில் மாணவரானவர்

தீபாவளிக்கு முந்தைய வாரம் சித்தி குடும்பத்தோடு பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தோம். கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலேயே எல்லாம் கிடைக்கும். ஆனாலும் துன் சம்பந்தன் சாலையில் நான்கு கடை ஏறி இறங்கினால்தான் சித்திக்குத் தீபாவளி வந்ததாகத் தோன்றும். கேடிஎம் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து இறங்கி நடந்தோம். பூக்கடைகளைத் தாண்டும்போது சித்தியின் மகன் என் கையைப் பிடித்து இழுத்து, ஒரு பெயர்ப்பலகையைக் காட்டி, மேல் வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். அந்தக் கடையின் பெயர்தான் எழுதியிருந்தது. அதே பெயர் கீழ் வரியில் ரோமன் எழுத்திலும் இருந்தது. மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒன்றுதான் என்பது அவனுக்குத் தெரியவில்லை.

அவன் படிவம் இரண்டு மாணவன். ஆரம்பக் கல்வியும் தேசியப் பள்ளியில்தான். வீட்டில் தமிழ் பேசுவான், தமிழ்ப் படம் பார்ப்பான், பாட்டி திட்டினால் தமிழிலேயே சமாளிப்பான். எழுத்து மட்டும் தெரியாது. இவனுக்கு நான் எழுத்துச் சொல்லிக் கொடுக்கட்டுமா என்று சித்தியிடம் கேட்டேன். சித்தி சிரித்துவிட்டார். அதற்கெல்லாம் வயது தாண்டிவிட்டது, இனிமேல் எங்கே மண்டையில் ஏறப் போகிறது என்பது அவர் எண்ணம். பதினான்கு வயதில் தாண்டிப்போன வயது!

திரும்பும் ரயிலில் எனக்குத் தனிநாயகம் அடிகளார்தான் நினைவுக்கு வந்தார். தமிழ் இலக்கியத்தை முறையாகப் படிக்க அவர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது 32.

அவரை நான் அறிந்துகொண்டதே தற்செயலாகத்தான். மலாயாப் பல்கலைக்கழகத்தில் நான் படிப்பது கணக்கியல். இந்திய ஆய்வியல் துறையில் படிக்கும் தோழி ஒருத்தி இடுபணிக்காக நூல் தேட, துணைக்கு நானும் நூலகத்திற்குப் போனேன். அவள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அடுக்கிலிருந்து ஒரு புத்தகத்தைச் சும்மா உருவிப் பார்த்தேன். கோலாலம்பூர், 1966 என்று முன்பக்கத்தில் இருந்தது. உள்ளே திறந்தால் வேறோர் உலகம். தமிழ்ச் சொல், அதற்குப் போர்த்துகீசிய மொழியில் பொருள். எழுத்துகள் நம் பாடநூல் எழுத்துகளைப் போலவே இல்லை. அது 1679ஆம் ஆண்டில் கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சான அகராதி. தொகுத்தவர் அந்தாவ் தெ புரோயென்சா என்ற போர்த்துகீசியப் பாதிரியார். 16,000க்கும் மேற்பட்ட சொற்களைத் திரட்டிய அவர், அது அச்சாவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1666இல் இறந்துவிட்டார். தன் புத்தகத்தை அவர் பார்க்கவே இல்லை. ரோமில் வத்திக்கான் நூலகத்தில் இருந்த பிரதியைப் படியெடுத்து நம் ஊரில் மறுபடியும் வெளிவரச் செய்தவர், அன்று மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் பேராசிரியராக இருந்த சேவியர் தனிநாயகம் அடிகளார்.

ஒரு தமிழ் அகராதி கேரளத்தில் அச்சாகி, ரோமில் பாதுகாக்கப்பட்டு, கோலாலம்பூரில் மறுபிறவி எடுத்திருக்கிறது. யார் இந்த மனிதர் என்று அன்றுதான் தேட ஆரம்பித்தேன்.

1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், யாழ்ப்பாணத்தை ஒட்டிய ஊர்காவற்றுறைத் தீவில் கரம்பொன் என்னும் ஊரில் பிறந்தார். கத்தோலிக்கக் குடும்பம். சேவியர் நிக்கலஸ் ஸ்தனிஸ்லாஸ் என்பதுதான் இளமைப் பெயர். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் படித்தார். அந்தக் காலத்தில் அத்தகைய கல்லூரிகளில் எல்லாமே ஆங்கிலம். அங்கிருந்து கொழும்புக்குப் போய்க் குருமடத்தில் சேர்ந்தார். பிறகு ரோமாபுரி. 1938இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். லத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு என்று மொழிகள் அவருக்கு ஒன்றன்பின் ஒன்றாக வசப்பட்டன. இறையியலில் முனைவர் பட்டமும் பெற்றார்.

ஐரோப்பிய மொழிகளின் இலக்கியத்தை அந்தந்த மொழியிலேயே படிக்க முடிந்தவருக்குச் சங்க இலக்கியம் இன்னும் எட்டாத தூரத்தில் இருந்தது. இது அவருடைய தவறு இல்லை. அவருக்கு அமைந்த பள்ளிகள் அப்படி. வீட்டில் பேசும் மொழி ஒன்று, பள்ளியில் மதிப்பெண் தரும் மொழி வேறொன்று. நம்மில் பலருக்கு இந்த நிலைமையை விளக்கத் தேவையில்லை.

படித்து முடித்ததும் அவர் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியில் சேர்ந்தார். 1940இல் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் உள்ள புனித தெரேசா பள்ளியில் ஆசிரியராகிறார். சுற்றிலும் தமிழ் மட்டுமே பேசும் ஊர். ரோமில் முனைவர் பட்டம் வாங்கி வந்தவர், அங்கே ஒரு தமிழ்ப் பண்டிதரிடம் பாடம் கேட்கத் தொடங்கினார். நான் இந்த இடத்தில்தான் கொஞ்சம் நின்றுவிட்டேன். பகலில் தான் ஆசிரியர், மற்ற நேரத்தில் தான் மாணவர். தெரியாது என்று ஒப்புக்கொள்வது இருபது வயதில் எனக்கே கூச்சமாக இருக்கிறது. பட்டமும் பதவியும் வந்த பிறகு அதை ஒப்புக்கொள்ள எவ்வளவு மனம் வேண்டும்?

பண்டிதரிடம் படித்தது அவருக்குப் போதவில்லை. 1945இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராகச் சேர்ந்தார். நான் முதலில் சொன்ன 32 வயது இதுதான். முதுகலை முடித்து, ஆய்வுப் பட்டமும் பெற்றார். சங்கப் பாடல்களில் இயற்கை எப்படி வருகிறது என்பதுதான் ஆய்வு. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தைப் பிரித்து, அந்த நிலத்திற்கேற்ற மனித உணர்வைப் பாடும் நம் திணை மரபை, கிரேக்க, லத்தீன் கவிதைகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தாமதமாக வந்ததால் கிடைத்த பயன் என்று இதைச் சொல்லலாம். பிறந்ததிலிருந்து வீட்டு முற்றத்தில் நிற்கும் மாமரத்தை நாம் கவனிப்பதில்லை. ஊரெல்லாம் சுற்றி வந்தவனுக்குத்தான் அதன் உயரம் தெரிகிறது.

ஸ்தனிஸ்லாஸ் என்ற பெயர் போய்த் தனிநாயகம் என்ற பெயர் வந்ததும் தமிழ்நாட்டில்தான். தந்தைவழியில் முன்னோர் ஒருவருக்கு இருந்த பெயர் அது. இடையில் சில தலைமுறை யாரும் வைத்துக்கொள்ளாத பெயரை இவர் எடுத்துக்கொண்டார். சேவியரை அவர் விட்டுவிடவும் இல்லை. கடைசிவரை இரண்டு பெயரும் சேர்ந்தே இருந்தன.

என் கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். தாய்மொழி வகுப்பு நடத்தப் பதினைந்து பேர் வேண்டும். எங்கள் படிவத்தில் அத்தனை பேர் சேரவில்லை. எஸ்பிஎம் தேர்வில் தமிழை எடுத்தால் மொத்த முடிவும் கெட்டுவிடும் என்று ஆசிரியர் ஒருவர் அக்கறையோடுதான் எச்சரித்தார். பிடிவாதமாக எடுத்தேன், வெளியே டியூஷன் போய்ப் படித்தேன். ஏ கிடைக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் மொழியை விட்டுவிட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கணக்கு இருக்கிறது.

அடிகளார் 1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார். அடுத்த ஆண்டு முதல் ஜப்பான், அமெரிக்கா, தென்னமெரிக்க நாடுகள், ஐரோப்பா என்று சுற்றித் தமிழைப் பற்றி உரையாற்றினார். 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற காலாண்டிதழைத் தொடங்கினார். அது ஆங்கில இதழ். தமிழுக்கு உழைப்பவர் ஏன் ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்ற கேள்வி எனக்கும் முதலில் வந்தது. அன்றைக்கு உலகப் பல்கலைக்கழகங்களில் இந்திய இயல் என்றால் பெரும்பாலும் சமஸ்கிருதம்தான். தமிழ் என்ற பெயரையே கேட்டிராத பேராசிரியர்களிடம் தமிழிலேயே போய்ச் சொல்லிப் பயனில்லை. வெளியே பேச ஆங்கிலம், உள்ளே தேடத் தமிழ் என்று அவர் இரண்டையும் பிரித்துக்கொண்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் அவர் ஆங்கிலத்தில் எழுதியதில் பெரும்பகுதி இன்று தமிழ் மாணவர்கள் கையில் எளிதாகக் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தப் பயணங்களின்போது அவர் செய்த இன்னொரு காரியம்தான் என்னை அதிகம் கவர்ந்தது. போன ஊர்களிலெல்லாம் நூலகங்களில் புகுந்து பழைய தமிழ் நூல்களைத் தேடினார். லிஸ்பனில் 1554இல் அச்சான ஒரு சிறு வேதநூல் இருக்கிறது. தமிழில் அச்சான நூல்களில் மிகப் பழையது அது. ஆனால் அதில் ஒரு தமிழ் எழுத்துகூடக் கிடையாது. தமிழை முழுக்க ரோமன் எழுத்தில் அச்சிட்டு, போர்த்துகீசிய மொழிபெயர்ப்பையும் சேர்த்திருக்கிறார்கள். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. என் தம்பி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் தமிழும் இப்படித்தானே இருக்கிறது! நானூற்று எழுபது ஆண்டுக்கு முன்பே அதற்கு முன்னோடி உண்டு.

தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் நூல் 'தம்பிரான் வணக்கம்'. 1578 அக்டோபரில் கொல்லத்தில் அச்சானது, பதினாறே பக்கம். உருவாக்கியவர் ஹென்றிக் ஹென்றிக்கஸ். தமிழ் நூல்களில் அண்டிரிக் அடிகளார் என்று குறிப்பிடுவார்கள். அதன் பிரதி இப்போது இருப்பது அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில். அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான நூல் பாரிசில். இந்த நூல்களைப் பற்றியெல்லாம் அடிகளார் தன் இதழில் எழுதி, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருந்த ஆய்வாளர்களின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். நம் சொத்து நம்மிடம் ஒரு பிரதிகூட இல்லை. அந்நிய நாட்டு நூலகர்கள், அதன் ஒரு வரியைக்கூடப் படிக்கத் தெரியாமலே, பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள். பரம்பரைச் சொத்து என்றால் தாத்தா அப்பாவுக்கும் அப்பா மகனுக்கும் கொடுப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது இப்படிச் சுற்றி வளைத்தும் வந்து சேரும் போலிருக்கிறது. ஆனால் யாராவது போய்க் கேட்டால்தான் வரும்.

அப்போது அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளர். பழந்தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனை என்ற பொருளில் லண்டனில் இரண்டாவது முனைவர் பட்டமும் பெற்றார். 1956இல் இலங்கையில் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. தமிழருக்கு மொழியுரிமை வேண்டும் என்று அடிகளார் எழுதினார், பேசினார். 1961இல் கோலாலம்பூருக்கு வந்து மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறையின் தலைவரானார்.

அவர் வந்து அமர்ந்த துறைக்கும் ஒரு கதை உண்டு. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலத்தில், 1956இல், இத்துறை தொடங்கப்பட்டது. அதில் முதன்மை மொழி சமஸ்கிருதமா தமிழா என்று ஒரு பெரிய விவாதம் நடந்தது. தமிழே வேண்டும் என்று மலாயாத் தமிழர்கள் குரல் கொடுத்தார்கள். 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். தோட்டப்புறங்களிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் தொழிலாளர்கள் தங்களால் முடிந்த சிறு தொகையை அனுப்பினார்கள். பல்கலைக்கழகத் தமிழ் நூலகத்துக்காகத் திரட்டிய பணம் அது.

கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் கொள்ளுத்தாத்தாவும் ஒரு வெள்ளி கொடுத்ததாகப் பாட்டி சொல்வார். ரசீது எதுவும் எங்களிடம் இல்லை. கொள்ளுத்தாத்தாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும் என்பதும் பாட்டி சொல்லித்தான் தெரியும். தன்னால் படிக்கவே முடியாத புத்தகங்களுக்கு அவர் ஏன் பணம் கொடுத்தார்? பாட்டியிடம் கேட்டால், எல்லாரும் கொடுத்தார்கள், அவரும் கொடுத்தார் என்று முடித்துவிடுகிறார்.

1959இல் துறை கோலாலம்பூருக்கு இடம் மாறியது. இரண்டு ஆண்டு கழித்து அடிகளார் வந்தார். எட்டு ஆண்டு இங்கேயே இருந்தார். அவர் வாழ்க்கையில் பெரிய காரியங்கள் பல நடந்தது இந்த எட்டு ஆண்டில்தான்.

1964 ஜனவரியில் புதுடில்லியில் உலகக் கீழ்த்திசை ஆய்வாளர்கள் மாநாடு கூடியது. அங்கே வந்திருந்த தமிழறிஞர்களை அடிகளார் ஓர் அறையில் ஒன்றுகூட்டினார். பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா, செக் நாட்டின் கமில் சுவெலபில், தமிழ்நாட்டின் வ. ஐ. சுப்பிரமணியம் போன்றவர்கள் இருந்தார்கள். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அங்கே பிறந்தது. ஃபிலியோசா தலைவர், அடிகளாரும் சுவெலபிலும் செயலாளர்கள். முதல் மாநாட்டை எங்கே நடத்துவது? சென்னையிலோ மதுரையிலோ நடத்தியிருக்கலாம். அடிகளார் அதைக் கோலாலம்பூருக்குக் கொண்டுவந்தார்.

1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை, மலாயாப் பல்கலைக்கழகத்தில், முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடக்கி வைத்தார். சென்னை மாநில முதலமைச்சர் பக்தவத்சலம் வந்தார். சுமார் இருபது நாடுகளிலிருந்து ஆய்வாளர்கள் வந்து கட்டுரை படித்தார்கள். சுதந்திரம் பெற்று ஒன்பதே ஆண்டு ஆன ஒரு நாட்டில், தமிழர் சிறுபான்மையாக இருக்கும் நாட்டில் இது நடந்தது. தோட்டத்துக் கூலிகள் என்று மற்றவர்கள் நினைத்திருந்த சமூகத்தின் மொழி, பல்கலைக்கழக அரங்கில் ஆய்வுப் பொருளாக மேடையேறிய வாரம் அது. நான் பார்த்திருந்த அந்த 1679 அகராதி மறுபதிப்பு அதே ஆண்டில் வந்தது. தமிழ் பற்றி வந்த நூல்களுக்கான பெரிய வழிகாட்டித் தொகுப்பு ஒன்றையும் அடிகளார் அந்த ஆண்டில்தான் வெளியிட்டார்.

இரண்டாம் மாநாடு 1968இல் சென்னையில் நடந்தது. ஊர்வலமும் மெரினாவில் பத்துச் சிலைகளுமாக அது ஒரு பெருவிழாவாகிவிட்டது. ஆய்வு மாநாடாக நின்றது நம் கோலாலம்பூர் மாநாடுதான் என்பது என் கருத்து. சிலைகள் தவறில்லை, ஆனால் சிலையைப் பார்த்தவர்கள் எல்லாரும் நூலைத் திறப்பதில்லை. அதன் பிறகு 1987, 2015, 2023 என்று மாநாடு நம் ஊருக்குத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

1969இல் அடிகளார் ஓய்வு பெற்றார். ஐரோப்பாவில் சில காலம் கற்பித்துவிட்டு யாழ்ப்பாணம் திரும்பினார். 1974 ஜனவரியில் நான்காம் மாநாடு அவருடைய யாழ்ப்பாணத்திலேயே நடந்தது. நிறைவு நாள் கூட்டத்தில் போலீஸ் நடவடிக்கையால் கலவரமாகி, கூட்டத்திற்கு வந்திருந்த மக்களில் சிலர் இறந்தார்கள். தன் வாழ்நாள் உழைப்பு தன் சொந்த மண்ணில் இப்படி முடிந்ததைப் பார்த்த மனிதரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். 1980 செப்டம்பர் 1ஆம் நாள், 67 வயதில் காலமானார்.

ஒன்பது மாதம் கழித்து, 1981இல் மே முடிந்து ஜூன் பிறந்த இரவில், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. லிஸ்பனிலும் ரோமிலும் தமிழ் நூல்கள் நானூறு ஆண்டு தாங்கி நின்றதைத் தேடிக் காட்டியவரின் ஊரில், சொந்த நூலகம் ஓரிரவு தாங்கவில்லை. அதைப் பார்க்காமலே அவர் போய்விட்டார்.

யுனிவர்சிட்டி எல்ஆர்டி நிலையத்தில் இறங்கி விரிவுரைக்குப் போகும்போது எப்போதாவது அவரை நினைத்துக்கொள்வேன். 1966இல் அந்த ஏப்ரல் வெயிலில் அங்கியோடு இந்த வளாகத்தில் அங்குமிங்கும் ஓடியிருப்பார். வெளிநாட்டு விருந்தினர் தங்குவதற்கு இடம் கிடைத்ததா, கட்டுரைப் பிரதிகள் வந்துவிட்டனவா என்று கவலைப்பட்டிருப்பார். மாநாடு நடத்துவதென்றால் அதெல்லாமும்தானே.

தீபாவளி முடிந்ததும் சித்தியிடம் மறுபடி கேட்டேன். அடிகளார் கதையைச் சொன்னேன். அவர் சாமியார், அவருக்கு வேறு வேலையில்லை, என் மகனுக்குப் படிவம் மூன்று வருகிறது என்று சித்தி சொன்னார். அதுவும் நியாயம்தான். கடைசியில் சனிக்கிழமை ஒரு மணி நேரம் என்று பேரம் முடிந்தது. கிள்ளானில் சித்தி வீட்டுச் சமையலறை மேசைதான் வகுப்பறை. உயிரெழுத்து முடிந்து மெய்யெழுத்துக்கு வந்துவிட்டோம். தம்பி என்னைவிட வேகம். போன வாரம் ந, ன, ண மூன்றையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒரே சத்தத்துக்கு எதற்கு மூன்று எழுத்து, அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டான். பதினொரு ஆண்டு தமிழ் படித்த எனக்கு அதைச் சரியாக விளக்கத் தெரியவில்லை. நாக்கு பல்லைத் தொடுகிறதா, மேலே மடிகிறதா என்று ஏதோ சொல்லிப் பார்த்தேன். அவன் வாயைத் திறந்து நாக்கை வளைத்துக் காட்டிச் சிரித்தான். அடுத்த சனிக்கிழமைக்குள் இலக்கண நூலைத் தேடிப் படித்துக்கொண்டு போக வேண்டும்.